நாலு தட்டுத் தட்டினால் பேசும் ரேடியோ

காலை நடைக்கு வருகிற நாம் ஏழு பேர். அதில் ஐந்து பேருக்குச் சர்க்கரை, மூன்று பேருக்கு முழங்கால் வலி, எனக்குக் கவலை. போன மாதம் பாஸ்போர்ட் புதுப்பிக்க மனுப் போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்கு ஆள் வருமே என்று நான் பதினோரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆதார் நகல் ஐந்து, மின்கட்டண ரசீது நகல் ஐந்து, பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஐந்தைந்து. கேட்டது ஒவ்வொன்றிலும் ஒன்றுதான்.

"எழுவத்திரண்டு வயசுல உங்களை எவனுங்க புடிச்சுட்டுப் போறான்? வந்தா ரெண்டு வார்த்தை நக்கலாப் பேசிச் சிரிக்க வெச்சு அனுப்பிச்சு உடுங்க. நம்மூர்க்காரனுக்கு இதைச் சொல்லியா தரோணும்?" என்று நம்மில் ஒருவர் சொன்னார். மற்ற ஐந்து பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அப்போதே காரணம் சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அதிகாரிகளைச் சிரிக்க வைத்து அனுப்பும் திறமை எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. என் அக்காவுக்கு. அந்தப் பேச்சுக்கு அடியில் என்ன இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்தும் புரிந்துகொள்ளாதவனும் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ஊருக்கு வெளியே இருந்த கணபதியில், எங்கள் வீதியில் ஐந்து லேத் பட்டறைகள் இருந்தன. ஐந்தாவது அப்பாவுடையது. கிணற்று மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். முன்னால் வீடு, பின்னால் பட்டறை. சூடான எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த அந்த வாசனை எங்கள் சோற்றிலும் இருக்கும், துவைத்து மடித்த சட்டையிலும் இருக்கும்.

அப்பா பேச்சுக் குறைந்த மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு வார்த்தை பேசினார். அதில் ஒன்பது 'ம்'. காக்கியைக் கண்டால் அந்த நாற்பத்தொன்றும் இருக்காது. போலீஸ் என்று இல்லை, தபால்காரர் வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

அக்கா அவருக்கு நேர் எதிர். எங்கள் பகுதியில் அன்று சைக்கிள் ஓட்டிய பெண்கள் மொத்தம் மூன்று பேர். பள்ளிக்கூட டீச்சர், பிரசவம் பார்க்கும் நர்சம்மா, என் அக்கா. அவள் டைப்பிங் கற்றுக்கொள்ள ஊருக்குள் போவாள். அந்தப் பங்குனியில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். உங்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்குச் சைக்கிளில் இரண்டு பேர் போனால் குற்றம். போலீஸ்காரர் நிறுத்தி, டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்.

ஒரு நாள் நாற்சந்தியில் மாட்டிக்கொண்டோம். காக்கி அரைக்கால்சட்டை, பெரிய மீசை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார்.

"ஏனுங்க," என்றாள் அக்கா. "டபுள்ஸுக்குத்தானுங்களே காத்துப் புடுங்கறது?"

"ஆமா. இது பின்னே என்ன?"

"இவன் பஸ்சுல அரை டிக்கெட்டுங்க. நான் ஒண்ணு, இவன் அரை. மொத்தமே ஒன்றரை ஆளுதானுங்க போறோம். முழுக் காத்தையும் புடுங்கினா கணக்குத் தப்புங்களே. முக்காவாசி புடுங்கிப்போட்டு, கால்வாசிய டயர்லயே உட்ருங்க. நாங்க நாயமானவிங்க. அந்தக் கால்வாசிய வெச்சு ஓட்டிக்கறோம்."

முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லாமல் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வேறு. அந்த மனிதர் நிமிர்ந்தார். முதலில் மீசை அசைந்தது, பிறகு வயிறு. "இந்தப் புள்ளைய எவன் கட்டறானோ!" என்று சொல்லிக் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

நாங்கள் ஏறிப் போகவில்லை. அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். மூன்று விளக்குக் கம்பங்கள் தாண்டி ஒரு மில்லின் சுற்றுச்சுவர் வந்தது. சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தம்பி, நூறு வரைக்கும் எண்ணு கண்ணு. அவசரமில்லாம எண்ணு."

எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள் என்று நினைத்து எண்ணினேன். நாற்பது வரும்போது அவள் தலையைத் திருப்பி வாந்தி எடுத்தாள். தாவணி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தாதே, எண்ணு" என்றாள். நூறு வந்ததும் எழுந்தாள்.

"ஊட்டுல சொல்லீராதே."

"எதையக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "டபுள்ஸ் வந்ததை" என்றாள். அதுதான் ரகசியம் என்று நானும் நம்பினேன். வெயிலில் வந்ததால் பித்தம் என்று வாந்திக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதில்லை, இரண்டு பேர் போதும், அந்த அளவு. திருகினால் முதலில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். தூசி சூடாகும் வாசனை வரும். பாட்டு மட்டும் வராது. தலையில் மூன்று தட்டு மெதுவாக, நாலாவது பலமாகத் தட்ட வேண்டும். அப்போதுதான் பேசும். அந்த ரேடியோ இப்போது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் இரண்டு திருகுகளில் ஒன்று மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ரேடியோ வைத்திருக்க அன்று லைசென்ஸ் வேண்டும். அப்பா புதுப்பிக்க மறந்துவிட்டார். அதற்கான அதிகாரி ஒருவர் பையோடு வந்து, பெட்டியை எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார். அப்பா துண்டைக் கையில் பிடித்து நின்றார். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் பதினேழு வரை எண்ணினேன். பிறகு அக்கா சமையலறையிலிருந்து வந்தாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். ஆனா ஒண்ணு தெரிஞ்சுட்டு எடுத்துட்டுப் போங்க. இது எங்கப்பா மாதிரிங்க. நாலு தட்டுத் தட்டினாத்தான் ஒரு வார்த்தை வரும். அங்க கொண்டுபோய் வெச்சு, உங்க பெரிய அதிகாரி முன்னால நீங்கதானுங்க தட்டிட்டே நிக்கோணும்."

அதிகாரி ரேடியோவைப் பார்த்தார். துண்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பையைத் தூக்கிக்கொண்டு, பத்து நாளில் புதுப்பிக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சிரிக்கவில்லை. அன்று அவர் அம்மாவிடம் பேசியது ஒரு வாரத்துக்கான பேச்சு. "பயமுங்கறது மருந்துக்கும் இல்ல இந்தப் புள்ளைக்கு. இதை வேலைக்கு அனுப்புனா எவங்கிட்டயாவது வாயக் குடுத்துப்போட்டு நம்மளைக் கொண்டுபோய் ஸ்டேசன்ல நிறுத்தும். பெருந்துறைக்காரங்களுக்குச் செரின்னு சொல்லிப்போடலாம்."

அப்போது அக்கா பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லியிருந்தாள். நான் விளையாடப் போகும் அவசரத்தில் கடகடவென்று முடித்தேன். "மறுபடியும் எண்ணு. மெதுவா" என்றாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. பங்குனி வெயிலில் குளிருமா என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். அக்காவை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போலீஸ் விசாரணை முடிந்து நல்லவிதமாக எழுதிப் போனால் உத்தரவு வரும். அதே சமயம் பெருந்துறையிலிருந்து ஒரு வரன். பதினோரு ஏக்கர், இரண்டு கிணறு. மாப்பிள்ளை நல்லவர்தான், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அக்காவுக்கு அந்த ஏக்கரும் கிணறும் வேண்டாம், காதில் மாட்டுகிற ஹெட்போன்தான் வேண்டும். அம்மா அக்காவுக்காக இரண்டு நாள் அப்பாவிடம் பேசாமல் இருந்து பார்த்த பிறகு அப்பா ஒரு முடிவு சொன்னார். சித்திரை முடிவதற்குள் உத்தரவு வந்தால் வேலை. வராவிட்டால் வைகாசியில் பெருந்துறை. அப்பா சொன்னால் சொன்னதுதான், அவருக்கே பிடிக்காவிட்டாலும் அதில் நிற்பார். அக்கா "செரிங்கப்பா" என்றாள். அன்றைக்குச் சித்திரை முடிய நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

விசாரணைக்கு ஆள் எப்போது வருவார் என்று சொல்லமாட்டார்கள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். யார் வந்தாலும் அக்கா வாய் திறக்கக் கூடாது. கேட்டால் ஆமாங்க, இல்லீங்க. அவ்வளவுதான். அம்மா அவளைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள்.

பதினான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஏட்டு வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்தார். உடனே பக்கத்துச் சுவர்களுக்கு மேல் நாலு தலைகள் தெரிந்தன. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டு வாசலில் போலீஸ் சைக்கிள்! அம்மா முகம் அப்போதே வெளுத்துவிட்டது. ஆனாலும் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினாள். எங்கள் பக்கம் எமனே வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

ஏட்டு நாற்பது வயதுக்காரர், சிரிக்காத முகம். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு கேட்டார். அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை, பாதிக் கேள்விகளுக்கு அம்மாதான் பதில் சொன்னாள். அக்கா சமையலறை வாசல் நிலையோரம் நின்றாள்.

"நீதானம்மா வேலைக்குப் போறது?"

"ஆமாங்க."

"இந்த வேலை உனக்குப் புடிச்சிருக்குதா?"

"ஆமாங்க."

"இதுக்கு முன்னால எங்காச்சும் வேலை பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

அவர் பேனாவை மூடினார். "பேசற வேலைக்குப் போற புள்ளைக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியுமா? யாராச்சும் சொல்லிக்குடுத்த மாதிரி இருக்குதே. ஊட்டுல அடிச்சுக் கிடிச்சு அனுப்பறாங்களா? இல்ல, வேற எதாச்சும் மறைக்கறீங்களா?"

அக்காவின் விரல்கள் நிலைக்கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. நகங்கள் வெள்ளையாகிவிட்டன. பேசவும் முடியாது, சுவருக்குப் பின்னால் போய் உட்காரவும் முடியாது. எனக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். எண்ண ஆரம்பித்தேன். வாய்விட்டு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ஏழில் ஏட்டு திரும்பினார். "என்ன தம்பி எண்ணறே?"

"அக்காவுக்குப் பயம் வந்தா நூறு வரைக்கும் எண்ணோணுங்க. இல்லீன்னா வாந்தி எடுத்துப்போடுங்க."

அந்த வினாடி நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏட்டைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருப்பவளை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எதுக்குப் பயம்? தப்புப் பண்ணாதவிங்களுக்கு என்ன பயம்?" என்றார் ஏட்டு. குரல் தடித்துவிட்டது.

அப்பா எழுந்து நின்றார். இல்லை, அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். ஓர் அடி முன்னால் வந்தார் என்று திருத்திக்கொள்கிறேன். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க... எங்க ஊட்டுல ரெண்டு ரேடியோங்க," என்றார். "ஒண்ணு நானுங்க. நாலு தட்டுத் தட்டினாத்தான் பேசுவேன். இன்னொண்ணு என்ர புள்ளைங்க. அது தட்டாமயே நல்லாப் பேசுமுங்க. இன்னைக்கு... இன்னைக்கு நாந்தானுங்க அதை அணைச்சு வெச்சுட்டேன். லைசென்ஸ் இல்லாம பேசிருமோன்னு பயந்துட்டு."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க முயன்றார். வாய் ஒரு பக்கம் மட்டும் போனது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் அப்பா வாழ்நாளில் சொன்ன ஜோக் அந்த ஒன்றுதான். சிரித்தவர்கள் ஒருவரும் இல்லை.

ஏட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செம்பை அண்ணாந்து மூன்று மடக்குக் குடித்தார். ஃபைலை எடுத்தார். "வாரனுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் பின்னால் ஓடினேன். அவர் வீதி முனைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அங்கே நின்று, சீட்டின்மேல் ஃபைலைப் பிரித்து எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். நான் திரும்பி ஓடிவந்து, பார்த்ததை அப்படியே வீட்டில் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. அவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று அம்மா தினமும் கேட்டாள். என் எண்ணிக்கைதான் காரியத்தைக் கெடுத்தது என்று நான் முடிவு செய்து, எண்ணுவதை விட்டுவிடுவதாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். எத்தனை நாளாக எண்ணவில்லை என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

சித்திரை இருபதில் பெருந்துறைக்காரர்கள் ஆள் விட்டுக் கேட்டார்கள். அப்பா "மாசம் முடியட்டுமுங்க" என்றார். அக்கா அந்த நாட்களில் ஒரு நக்கல்கூடப் பேசவில்லை. பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றியபோதுகூடச் சும்மா இருந்தாள். அவர்தான் பயந்துபோய், "அம்மணிக்கு ஒடம்புக்கு ஆவலீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

சித்திரை முடிய ஐந்து நாள் இருக்கும்போது தபால்காரர் வந்தார். அப்பா எழுந்து நின்று, துண்டைக் கையில் எடுத்து, கவரை வாங்கினார். மூன்று முறை படித்தார். பிறகு உள்ளே போய் அக்காவிடம் நீட்டினார்.

"வேலைக்குப் போறப்ப சைக்கிள்ல டபுள்ஸ் போவாதே அம்மணி. போலீஸ்காரங்க நம்மளை மாதிரி கணக்குப் பாக்க மாட்டாங்க," என்றார்.

நாற்சந்தியில் நடந்தது எப்படியோ அவர் காதுக்கு வந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று சொல்லவில்லை. இதையும் ஜோக்கில் சேர்ப்பதா என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

ஏட்டு வீதி முனையில் என்ன எழுதினார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அக்கா முப்பத்தெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தாள். அவள் வாய்க்குப் பயந்த மேலதிகாரிகள் பலர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யார் எண்ணினார்களோ.

இனி, நம் பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். அக்காவுக்கு இப்போது எண்பத்தொன்று. முழங்கால் வைத்தியத்துக்காக இரண்டு மாதமாக என் வீட்டில் இருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் மதியம் விசாரணைக்கு வந்தது ஒரு பெண் கான்ஸ்டபிள். என் பேத்தி வயதுதான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். அப்படியும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எத்தனை வருசமா சார் இந்த வீட்டுல இருக்கீங்க?"

எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு அந்த எண் வரவில்லை. கையிலிருந்த ஐந்து ஐந்து நகல்களும் நழுவித் தரையில் பரவின. அந்தப் பெண்ணின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

"அவனை நாலு தட்டுத் தட்டுங்க கண்ணு," என்றாள் அக்கா, மூலையில் வாக்கரைப் பிடித்து உட்கார்ந்தபடி. "மூணு மெதுவா, நாலாவது பலமா. அப்பத்தான் பேசுவான். எங்கப்பன் இருந்தாரு, அதே கம்பெனி ரேடியோ. லைசென்ஸ் எல்லாம் செரியா இருக்குது. தூசிதான் கொஞ்சம் அடைச்சுப்போச்சு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமல் சிரித்தாள். குனிந்து நகல்களை அவளே பொறுக்கினாள். அப்பாவின் ஜோக்குக்கு அறுபத்திரண்டு வருடம் கழித்து ஒருத்தி சிரித்துவிட்டாள்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அக்காவின் கைகள் கண்ணில் பட்டன. வாக்கரின் கைப்பிடியில் பத்து விரல்களும் இறுகி, நகங்கள் வெள்ளையாக இருந்தன. என் உதடுகள் தானாக அசைய ஆரம்பித்தன. கையெழுத்துப் போடும்போது முப்பத்தொன்று. அந்தப் பெண் செருப்பு மாட்டும்போது ஐம்பத்தெட்டு. அறுபத்து நான்கில் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததே என்று நிறுத்தினேன்.

அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"இன்னும் நூறு ஆவல தம்பி. எண்ணு."